ஓர் எழுத்தின் எடை

திண்டுக்கல் மாவட்டத்தின் பெயர் உலகப் புற்றுநோய் ஆய்வேடுகளில் அடிபடக் காரணம் பூட்டுமல்ல, புகையிலையுமல்ல, கருப்பைவாய்ப் புற்றுநோய். 2000-க்கும் 2003-க்கும் இடையில் இம்மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் 114 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். அவற்றில் 57 தொகுதிகளைச் சேர்ந்த 49,311 பேர் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். மற்ற 57 தொகுதிகளின் 30,958 பேருக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெள்ளைப் படலம் தோன்றுகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். லியோன் நகரத்துப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை சேர்ந்து நடத்திய இந்த ஆய்வின் முடிவு 2007-ல் லான்செட் இதழில் வந்தது. அழைக்கப்பட்ட தொகுதிகளில் நோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பரிசோதனை கிடைக்காத தொகுதிகளை வெறுமனே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டது நியாயமா என்று பின்னாளில் எழுந்த கேள்வி கனமானது. அதைத் தனியாகப் பேச வேண்டும். வடமதுரை, வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம் என்று இம்மாவட்டத்து ஊர்களில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்பதை அம்பிளிக்கையில் 2003 முதல் ஒரு பதிவேடு எழுதி வருகிறது. இந்தியக் கிராமப்புறத்துக்கு இப்படியொரு கணக்கு அரிது.

இந்தக் கணக்கு ஒரு கேள்வியைக் கிளப்பாமல் விடுவதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ முழுக்கவே எச்பிவி எனப்படும் பாப்பிலோமா வைரஸால் வருவது. அந்த வைரஸோ மிகப் பரவலானது. தொற்றிய பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே அதைத் துரத்திவிடுகிறார்கள். ஒரே ஊரில், ஒரே மாதிரி உழைப்பும் உணவும் கொண்ட இரண்டு பேருக்கு ஒரே வைரஸ் தொற்றுகிறது. ஒருவர் அதை அறியாமலே கடந்துபோகிறார், இன்னொருவருக்கு இருபது ஆண்டு கழித்து நோய் வருகிறது. புகைபிடித்தல், பல பிரசவங்கள், எச்ஐவி போன்ற நோயெதிர்ப்புக் குறைபாடுகள் ஆகியவை வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்குகின்றன. எஞ்சியதில் பிறப்போடு வந்தது எவ்வளவு? ஸ்வீடன் நாட்டுக் குடும்பப் பதிவேடுகளை வைத்துச் செய்த கணக்கு, நோய் வாய்ப்பில் உள்ள ஏற்றத்தாழ்வில் கால் பங்கை ஒட்டி மரபு காரணம் என்கிறது. அப்படியானால் அந்த மரபு வேறுபாடு உடலில் எங்கே இருக்கிறது என்று தேடப் போனவர்களுக்குக் கிடைத்த விடைதான் இங்கே பேசவேண்டியது. தேடியதில் பெரும்பகுதி மரபணுக்களின் புரதம் செய்யும் பகுதிக்குள் கிடைக்கவில்லை. மரபணுக்களுக்கு இடையிலும் ஓரத்திலும் கிடைத்தது.

மனித டிஎன்ஏ-வில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றில் புரதத்துக்கான குறிப்பை நேரடியாகத் தாங்கும் எழுத்துகளை ஒன்றுகூட்டினால் மொத்தத்தில் 2 விழுக்காடுகூடத் தேறாது. மீதியைக் குப்பை என்று சொல்லும் வழக்கம் 1970-களில் தொடங்கியது. 2012-ல் 'என்கோட்' என்ற பெருந்திட்டம் 80 விழுக்காட்டுக்கு ஏதோ ஓர் உயிர்வேதிச் செயல்பாடு உண்டு என்று அறிவித்ததும் குப்பை பொன்னாகிவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. இரண்டுமே மிகைதான். ஒரு புரதம் ஓரிடத்தில் வந்து ஒட்டுகிறது என்பதாலேயே அந்த இடம் உயிருக்கு இன்றியமையாததாகிவிடாது. ஆனால் அந்தப் பரப்புக்குள் சிதறிக் கிடக்கும் சில லட்சம் குறுந்துண்டுகள் மெய்யாகவே ஆட்சி செய்கின்றன. மரபணுவின் வாசலிலேயே இருப்பது தொடக்கிப் பகுதி. தொலைவிலிருந்து செயல்படுவது தூண்டுபகுதி. படியெடுப்புக் காரணிகள் எனப்படும் புரதங்கள் இவற்றில் வந்து அமர்ந்தால் மரபணு படியெடுக்கப்படும், அமராவிட்டால் உறங்கும். புரதப் பகுதியில் எழுத்து மாறினால் செய்யப்படும் பொருளே பழுதாகலாம். ஆட்சித் துண்டில் எழுத்து மாறினால் பொருள் அப்படியேதான் இருக்கும். எந்தத் திசுவில், எப்போது, எவ்வளவு என்பது மட்டும் மாறும். கண்மாய்த் தண்ணீர் அதே தண்ணீர்தான், மடையை எத்தனை விரற்கடை திறந்தார்கள் என்பதில்தான் பயிர் நனைவதும் அழுகுவதும் இருக்கிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று எட்டாம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் நீண்ட கையில் 8கியூ24 என்ற பகுதியில் பல லட்சம் எழுத்துகள் நீளத்துக்குப் புரதம் செய்யும் மரபணு ஏறக்குறைய எதுவுமில்லை. ஆய்வாளர்கள் அதை மரபணுப் பாலைவனம் என்பார்கள். 2007-ல் ஆயிரக்கணக்கான நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் வந்தபோது, பெருங்குடல் புற்றுநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் இந்தப் பாலைவனத்தையே சுட்டின. குறிப்பாக ஓர் இடத்தில் 'டி' என்ற எழுத்துக்குப் பதில் 'ஜி' இருப்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுதல், சுமார் 1.2 மடங்கு. 2009-ல் காரணம் விளங்கத் தொடங்கியது. அந்த எழுத்து ஒரு தூண்டுபகுதிக்குள் இருக்கிறது. 'ஜி' இருந்தால் குடல் செல்களில் செயல்படும் ஒரு படியெடுப்புக் காரணி இன்னும் இறுக்கமாக ஒட்டுகிறது. டிஎன்ஏ வளைந்து மடிந்து, 3,35,000 எழுத்துகளுக்கு அப்பாலுள்ள 'மிக்' மரபணுவை அந்தத் தூண்டுபகுதி தொடுகிறது. 'மிக்' செல்களைப் பெருகச் சொல்லும் மரபணு; புற்றுநோயில் அத்துமீறும் மரபணுக்களில் பெயர் பெற்றது. ஆனால் 'ஜி' உள்ளவர்களின் திசுவில் 'மிக்' கூடுதலாக இருக்கிறதா என்று அளந்தபோது பல ஆய்வுகளுக்கு வேறுபாடே தென்படவில்லை. அவ்வளவு சிறிய அளவு அது. 2012-ல் ஸ்வீடனின் யூசி தைபாலே குழுவினர் அந்தத் தூண்டுபகுதியை நீக்கி எலிகளை வளர்த்தார்கள். எலிகள் நன்றாகவே வாழ்ந்தன. குடலில் 'மிக்' சிறிதளவே குறைந்தது. ஆனால் குடலில் கட்டி வளரும்படி மரபிலேயே அமைந்த எலிகளில் இந்தத் துண்டை நீக்கியபோது கட்டிகள் வெகுவாகக் குறைந்தன.

இந்த எலிச் சோதனை சொல்வதை அவசரமின்றி வாசிக்க வேண்டும். ஓர் எழுத்தின் விளைவு 1.2 மடங்குதான் என்பதால் அந்த எழுத்து அமர்ந்திருக்கும் துண்டும் அற்பமானது என்று முடிவு கட்டக் கூடாது. எழுத்து மாறும்போது துண்டின் செயல் இம்மியளவு ஏறி இறங்குகிறது. துண்டையே நீக்கினால் நோயின் போக்கே மாறுகிறது. புரதம் செய்யாத பகுதியின் மரபு வேறுபாடுகளை ஒரு தனிமனிதரின் வருங்காலத்தைச் சொல்லும் ஏடாக வாசிப்பது அவற்றைத் தவறாகப் பயன்படுத்துவது. நோய் எந்த மரபணுவை, எந்தத் திசுவில், எந்த வழியாகப் பிடிக்கிறது என்பதைக் காட்டும் தடயமாக வாசிப்பதே சரி. இதற்கான வலுவான ஆதாரம் கருப்பைவாய்ப் புற்றுநோயிலேயே இருக்கிறது.

எச்பிவி-யின் மரபுப் பொருள் மொத்தமே சுமார் 8,000 எழுத்துகள். அவ்வளவு சிக்கனமான உயிரியும் அதில் பத்தில் ஒரு பங்கை எந்தப் புரதமும் செய்யாத ஆட்சிப் பகுதிக்கு ஒதுக்கியிருக்கிறது. செல்லின் காவல் புரதங்களை முடக்கும் இ6, இ7 என்ற இரண்டு வைரஸ் மரபணுக்களை எழுப்புவதும் அடக்குவதும் அந்தப் பகுதியின் வேலை. சாதாரணத் தொற்றில் இ2 என்ற இன்னொரு வைரஸ் புரதம் அங்கே அமர்ந்து அவற்றை அடக்கி வைக்கிறது. வைரஸ் துண்டாகி மனித குரோமோசோமுக்குள் நுழைந்துகொள்ளும்போது பெரும்பாலும் இ2 சிதைகிறது, கடிவாளம் அறுகிறது. நுழைவதற்கு வைரஸ் தேர்ந்தெடுக்கும் இடங்கள் பல. ஆனால் திரும்பத் திரும்பத் தென்படும் இடங்களில் ஒன்று அதே 8கியூ24. 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து அவர் ஒப்புதலின்றி எடுக்கப்பட்டு, இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளரும் ஹீலா செல்களின் டிஎன்ஏ-வை 2013-ல் முழுமையாகப் பிரித்துப் படித்தார்கள். அதில் எச்பிவி-18 என்ற வைரஸ் வகை நுழைந்திருந்த இடம் 'மிக்' மரபணுவிலிருந்து சுமார் ஐந்து லட்சம் எழுத்துகள் தள்ளி, அந்தப் பாலைவனத்தில். வைரஸ் நுழைந்த குரோமோசோமில் மட்டும் 'மிக்' கட்டுமீறி எழுந்திருந்தது. பெற்றோர் வழி வந்த ஓர் எழுத்து குடலில் 'மிக்' மரபணுவை மெல்லத் தட்டுகிறது. எங்கிருந்தோ வந்த வைரஸ் தன் ஆட்சிப் பகுதியோடு அதே வட்டாரத்தில் குடியேறி, கருப்பைவாயில் அதே மரபணுவை உலுக்கி எழுப்புகிறது. வழி ஒன்று, விசை வேறு. மரபு, சூழல் என்று இரண்டு தனித் தொட்டிகளில் நோய்க் காரணங்களைப் பிரித்துப் போடும் பழக்கம் இந்த இடத்தில் பொருளற்றுப் போகிறது.

புரதம் செய்யாத பகுதியின் மாற்றங்கள் எப்போதும் பலவீனமானவை என்று இதிலிருந்து நினைத்துவிடவும் கூடாது. 2013-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயை ஆராய்ந்த இரண்டு குழுக்கள் 'டெர்ட்' மரபணுவின் தொடக்கிப் பகுதியில் ஒற்றை எழுத்து மாற்றங்களைக் கண்டன. 'டெர்ட்' குரோமோசோம் நுனிகள் தேய்ந்துபோகாமல் காக்கும் நொதியின் மரபணு. முதிர்ந்த செல்களில் உறங்கிக் கிடக்கும். அந்த ஓர் எழுத்து மாறியதும் வேறொரு படியெடுப்புக் காரணிக்குப் புது இருக்கை கிடைத்துவிடுகிறது, மரபணு விழிக்கிறது, செல் தன் வயதை மறக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆய்வாளர்கள் கருப்பைவாய், வாய்ப் புற்றுநோய்க் கட்டிகள் 181-ஐச் சோதித்து 2016-ல் வெளியிட்ட கட்டுரையில், கருப்பைவாய்க் கட்டிகளில் 21.4 விழுக்காட்டிலும் வாய்க் கட்டிகளில் 31.7 விழுக்காட்டிலும் இதே மாற்றங்கள் இருந்தன. இவை தாய் தந்தை தந்தவை அல்ல. வாழ்நாளில் அந்தத் திசுவிலேயே தோன்றியவை. இங்கும் வைரஸ் அதே வாசலைத் தட்டுகிறது: எச்பிவி-யின் இ6 புரதம் 'டெர்ட்' படியெடுப்பைத் தூண்டக்கூடியது. பரம்பரையாக வரும் வேறுபாடுகள் மட்டும் ஏன் பெரும்பாலும் சிறிய விசையோடு நிற்கின்றன என்பதற்கு இயற்கைத் தேர்வு விடை சொல்கிறது. பெருங்கேடு செய்யும் எழுத்து தலைமுறைகளில் பரவ இடம் கிடைப்பதில்லை. ஜெர்மனியில் ஒரு குடும்பத்துக்கு 'டெர்ட்' தொடக்கியில் அப்படியொரு மாற்றம் பரம்பரையாகவே வந்தது. அந்தக் குடும்பத்தில் மெலனோமா தலைமுறை தாண்டியும் தொடர்ந்தது. அத்தகைய குடும்பங்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இந்த விதிக்கு நம் பக்கத்திலேயே ஒரு விலக்கும் உண்டு. புற்றுநோயில் அல்ல, இதயத்தில். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பெருந்துறை தண்டபாணி முதல் ஆசிரியராக 2009-ல் வெளியான ஆய்வு, இதயத் தசை மரபணு ஒன்றின் இன்ட்ரானில், அதாவது புரதத்துக்குள் வராத இடைப்பகுதியில், 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைப் பற்றியது. இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 விழுக்காடு மக்களிடம் அந்த விடுபாடு உண்டு. ஐரோப்பியர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. இதய நலிவோடு அதற்குப் பலமான தொடர்பு அந்த ஆய்வில் தென்பட்டது. அந்த நோய் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதைத் தாண்டியே வெளிப்படுவதால் இயற்கைத் தேர்வின் சல்லடையில் சிக்காமல் பரவியது என்பது ஏற்கத்தக்க விளக்கம். ஐரோப்பியர்களை மட்டும் ஆயிரமாயிரமாகத் தேடியிருந்தால் இது ஒருபோதும் அகப்பட்டிருக்காது.

கருப்பைவாய்ப் புற்றுநோயின் பரம்பரைத் தடயங்களுக்கு இந்தப் பாடம் நேரே பொருந்தும். 2013-ல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு ஆறாம் குரோமோசோமின் எச்எல்ஏ வட்டாரத்தைச் சுட்டியது. 2021-ல் பிரிட்டனின் உயிர்வங்கித் தரவிலிருந்து வந்த ஆய்வு எச்எல்ஏ-வோடு இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்தது. அவற்றில் ஒன்று 'டெர்ட்' மரபணுவுக்குப் பக்கத்து வீடு. எச்எல்ஏ என்பது வைரஸின் துணுக்கை நோயெதிர்ப்புச் செல்லுக்கு எடுத்துக்காட்டும் புரதங்களின் வட்டாரம். அதைவிட மக்களுக்கு மக்கள் மாறுபடும் பகுதி மனித டிஎன்ஏ-வில் இல்லை. தென்னிந்தியச் சமூகங்களில் அது எப்படியெல்லாம் வேறுபடுகிறது என்பதை மதுரையில் ஆர்.எம். பிச்சப்பன் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஸ்வீடன் பெண்களிடம் அடையாளக் கொடியாக நின்ற எழுத்து, வடமதுரைப் பெண்களிடமும் அதே காரண எழுத்தோடு சேர்ந்து பயணிக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. அருகருகே உள்ள வேறுபாடுகள் தலைமுறைகளில் கட்டாகவே கைமாறும். கட்டு எங்கே அவிழ்கிறது என்பது ஒவ்வொரு மக்களின் வரலாற்றைப் பொறுத்தது. 2018 வாக்கில் இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 78 விழுக்காட்டினர் ஐரோப்பிய வழியினர். அகமணம் நூற்றாண்டுகளாக நிலைத்த நம் சமூகங்களில் கட்டுகள் நீளமானவை. அதனால் ஒரு வட்டாரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அதற்குள் குற்றவாளி எழுத்து எது என்று பிரிப்பது கடினம். இந்தியாவிலேயே செய்ய முடியாததல்ல இது. வட இந்தியாவில் மிகுந்து காணப்படும் பித்தப்பைப் புற்றுநோயை டாட்டா நினைவு மையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து ஆராய்ந்து, 2017-ல் ஏழாம் குரோமோசோமில் பித்தநீர்க் கடத்தலோடு தொடர்புள்ள மரபணுக்களின் வட்டாரத்தைச் சுட்டியது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது எளிதாகத் தள்ளத்தக்கதும் அல்ல. ஒவ்வோர் எழுத்தும் சிறிதுதான், ஆனால் நூற்றுக்கணக்கானவற்றைக் கூட்டினால் ஒருவரின் மொத்த அபாயம் கிடைத்துவிடாதா? ஐரோப்பியப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயில் 313 வேறுபாடுகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அதன் மேல்முனையில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கணிசமாகக் கூடுதல்தான். அங்கே அது மேமோகிராம் எப்போது தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கக்கூட உதவலாம். ஆனால் அந்தக் கூட்டல் அந்த மக்களிடம் அளந்த எடைகளால் ஆனது. எடைக்கற்களை மாற்றாமல் அதை இங்கே விற்பவர்கள் அறிவியலை விற்கவில்லை. கருப்பைவாய்க்கு வந்தால் தர்க்கம் இன்னும் கூர்மையாகிறது. ஒரு கணக்குக்காக, ஆயிரம் பெண்களில் 20 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொள்வோம். 1.2 மடங்கு என்றால் 24. அந்த நால்வர் யார் என்றும் மதிப்பெண் சொல்லாது. எச்பிவி தொற்றாதவரிடம் அந்த எழுத்துக்கு வேலையே இல்லை. திண்டுக்கல்லிலோ, செவிலியரும் அசிட்டிக் அமிலமும் யாருடைய மரபையும் கேட்காமல் இறப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தார்கள். அதுவும் அழைக்கப்பட்டவர்களில் 31,343 பேர் மட்டுமே, மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவாக, வந்த நிலையில். வராத மூன்றில் ஒரு பங்கை வரவைப்பது எந்த மரபணு மதிப்பெண்ணையும்விடப் பெரிய மருத்துவம். தடுப்பூசியிலும் அம்பிளிக்கைக்குப் பங்குண்டு. 2009-ல் இந்தியாவின் ஒன்பது இடங்களில் தொடங்கிய எச்பிவி தடுப்பூசி ஆய்வில் அதுவும் ஒரு மையம். வேறொரு திட்டத்தில் எழுந்த சர்ச்சையால் 2010-ல் ஊசி போடுவது இடையில் நிறுத்தப்பட, ஒரே ஊசி மட்டும் போட்டுக்கொண்ட சிறுமிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் எதிர்பாராமல் உருவானார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், நிலைத்த எச்பிவி 16, 18 தொற்றை ஒற்றை ஊசியே 95 விழுக்காட்டளவில் தடுப்பது 2021-ல் வெளியானது. ஒரு ஊசி போதும் என்ற இன்றைய உலக நிலைப்பாட்டுக்கு அந்தத் தரவும் ஒரு தூண்.

அப்படியானால் வடமதுரை வட்டாரத்தில் மரபுத் தொகுதி ஆய்வுக்கு ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம், ஊசியும் பரிசோதனையும் போதும் என்று சொல்லிவிடலாமா? அதையும் ஏற்க முடியவில்லை. இன்று நாற்பது, ஐம்பது வயதிலுள்ள பெண்களுக்குத் தடுப்பூசியின் காலம் கடந்துவிட்டது. அவர்களில் எச்பிவி இருப்பது தெரியவந்த பலருக்கும் நோய் வரப்போவதில்லை. எல்லோருக்கும் சிகிச்சை செய்வது தேவையற்ற துன்பம், ஒருவருக்கும் செய்யாதிருப்பது ஆபத்து. யாரிடம் வைரஸ் அடங்கும், யாரிடம் வேரூன்றும் என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி ஆட்சிப் பகுதிகளில் இருக்கக்கூடும்: வைரஸின் ஆட்சிப் பகுதியில், எச்எல்ஏ எவ்வளவு எழும்புகிறது என்பதில், வைரஸ் நுழைந்த இடத்தின் அக்கம்பக்கத்தில். மரபு எழுத்தைத் தடயமாக வாசிப்பது என்று முன்பு சொன்னதற்கு நடைமுறைப் பொருள் இதுவே. அதற்கு வேண்டிய கருவிகளில் பாதி ஏற்கனவே இருக்கிறது. 83 சமூகக் குழுக்களைச் சேர்ந்த 9,772 பேரின் முழு டிஎன்ஏ-வை இந்திய மரபுத் தொகுதித் திட்டம் படித்துவிட்டது. அந்தத் தரவு 2025 முதல் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. இல்லாதது மறுபாதி. இரத்தத்திலிருந்து டிஎன்ஏ எடுத்தால் எழுத்து தெரியும்; அந்த எழுத்து எந்த மரபணுவை எவ்வளவு எழுப்புகிறது என்பது உரிய திசுவில் மட்டுமே தெரியும். ஒவ்வொரு திசுவிலும் மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்பதற்கு உலகம் நம்பியிருக்கும் ஜிடெக்ஸ் என்ற அமெரிக்கத் தொகுப்பில் கொடையாளர்கள் சுமார் 950 பேர், அவர்களில் 85 விழுக்காடு வெள்ளையர். இரத்தம், தோல், தசை நூற்றுக்கணக்கில் உண்டு. கருப்பைவாய் மாதிரிகள் 2020 அளவில் அதன் வெளிப்புறத்துக்கு 9, உட்புறத்துக்கு 10 இருந்தன. உலகின் ஏழை நாடுகளில் பெண்களை அதிகமாகக் கொல்லும் புற்றுநோய்களில் ஒன்றின் திசுவுக்கு இவ்வளவுதான் கையிருப்பு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனைக்கு வரும் பெண்களிடம், எதற்கு என்று அவர்கள் மொழியில் விளக்கி, ஒப்புதல் பெற்று, அதே வேளையில் எடுக்கக்கூடிய சிறு செல் மாதிரியும், பின்னாளில் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல அம்பிளிக்கைப் பதிவேடும் இணைந்தால், அந்த வெற்றிடத்தை நிரப்பும் வாய்ப்பு ஸ்டாக்ஹோமைவிடத் திண்டுக்கல்லுக்கே அதிகம்.